சிறு மரத்தை முதலில் வளர விடுவோம்



சங்ககிரி வட்டாரத்தில் வாழும் நமக்கு ஆலும் அரசும் இச்சியும் புதியன அல்ல. பறவையின் எச்சத்தோடு விழுந்த விதை, கிணற்றுச் சுவரின் இடுக்கிலும் மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரிலும், பிடி மண்ணும் இல்லாத இடத்தில் வேரூன்றித் தழைப்பதை அடிக்கடி காண்கிறோம். சுவரைப் பிளந்துவிடும் என அஞ்சி நாம் பிடுங்கி எறியும் அக்கன்றே, ஜப்பானியர் ‘பொன்சாய்’ என வழங்கும் குறுமரக் கலைக்கு மிகவும் ஏற்றதாகும். நாற்றுப் பண்ணைகளில் ‘ஃபைகஸ்’ என்னும் பெயரில் விற்கப்படுவதும் ஆலின் இனமே. புதிதாகத் தொடங்குவோர்க்கு இலை சிறுத்த இச்சி வகை நன்று.

முதலில் நமது தோல்வியைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாண் உயரக் கன்றை வாங்கி வந்த அன்றே, படங்களில் கண்டவாறு ஆழமற்ற அழகிய தட்டில் நட்டோம். அது சித்திரை மாதம். வேரில் பாதிக்கு மேல் வெட்டினோம், கிளைகளையும் கத்தரித்தோம், மூன்றாம் நாள் உரமும் இட்டோம், விருந்தினர் காணட்டும் என்று கூடத்து அலமாரியில் வைத்தோம். ஒரே மாதத்தில் இலைகள் உதிர்ந்து தண்டும் சுருங்கிவிட்டது. நமது அவசரமே அக்கன்றைக் கொன்றது.

தொட்டி மாற்றுவதற்குக் கோடை ஏற்றதன்று. ஆடிப்பட்டம் விதைப்புக்கு மட்டுமன்று, இப்பணிக்கும் உகந்தது. வெயில் தணிந்து புதுத் துளிர் விடும் அக்காலத்தில் வெட்டுண்ட வேர் விரைவில் தேறும்.

மண் கலவையில் நீர் தேங்கலாகாது. சலித்தெடுத்த செங்கல் துண்டு, பருமணல், நன்கு மக்கிய எரு ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். செங்கல் துண்டு மிளகுக்கும் கொண்டைக்கடலைக்கும் இடைப்பட்ட பருமனில் இருக்கட்டும். தூளை நீக்கிவிட வேண்டும். நமது வட்டாரம் சுண்ணாம்புக்கல் மிகுந்தது. எளிதிற் கிடைக்கிறதே என்று அக்கல்லின் சல்லியைத் தொட்டியில் இடாதீர். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் செடியால் இரும்புச் சத்தை ஏற்க இயலாது. இலை நரம்பு பச்சையாயிருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். உப்பு மிகுந்த கிணற்று நீரை ஊற்றுவோர், கிடைக்கும்போதெல்லாம் மழைநீரைத் தாராளமாக ஊற்றிப் படிந்த உப்பைக் கழுவிவிடுதல் நலம்.

கன்றை மெல்ல எடுத்து, மரக்குச்சியால் வேர்களைச் சிக்கெடுங்கள். வட்டமாய்ச் சுற்றிய வேர்களையும், நேர்கீழே இறங்கும் தடித்த வேரையும் கூரிய கத்தரியால் வெட்டலாம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டா. மயிரிழை போன்ற சிறு வேர்களே நீரை உறிஞ்சுவன, அவற்றைக் காத்துக்கொள்ளுங்கள். வெட்டிய இடத்தில் வடியும் பால் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும், கையைக் கழுவிவிடுக. தொட்டியின் துளைமேல் வலைத்துண்டு இட்டு, கன்று அசையாதபடி கம்பியாலோ கயிற்றாலோ தொட்டியோடு கட்டுங்கள். செடி ஆடினால் புது வேர் அறுந்துபோகும். அடித்துளை வழியே தெளிந்த நீர் வரும்வரை ஊற்றி, இரண்டு மூன்று வாரங்கள் நிழலில் வையுங்கள். சில இலைகள் உதிர்ந்தால் கலங்க வேண்டா. பட்டையை நகத்தால் சிறிது சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. உரம் ஒரு மாதத்திற்குப் பின்னரே.

இனி, தொடங்குவோர் பெரும்பாலும் தவறும் இடத்திற்கு வருவோம். மரத்தின் தண்டு பருப்பது இலைகள் சமைக்கும் உணவினால். ஆழமற்ற தட்டில் வைத்துத் துளிர்களை ஓயாது கிள்ளினால், தண்டு பென்சில் போலவே நின்றுவிடும். ஆதலின் இளங்கன்றை முதலில் ஓரடி அகலத் தொட்டியிலோ தரையிலோ நட்டு, வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுகள் வளர விடுங்கள். வேர்களுக்கு அடியில் ஓர் ஓட்டுத்துண்டை வைத்தால், அவை கீழிறங்காமல் பக்கவாட்டில் பரவி அழகிய அடிமரத்தைத் தரும். தாழ்ந்த கிளையொன்றை வெட்டாமல் நீள விட்டால் அதற்குக் கீழுள்ள தண்டு விரைந்து பருக்கும். வேலை முடிந்தபின் அதனை நீக்கிவிடலாம். தட்டும் வடிவமும் அதன் பிறகே.

“வளரும் மரத்தைப் பட்டினி போட்டுக் குறுக்குவது பாவமன்றோ?” என்று வினவுவோர் உண்டு. பட்டினி கிடந்த மரம் நெடுநாள் வாழாது. ஜப்பானில் ஹிரோஷிமா நகரில் யாமாகி என்னும் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாய்த் தொட்டியில் பேணிய ஒரு வெண்பைன் மரம், 1625-ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில், ஒரு மதிலின் மறைவில் நின்று அது உயிர் தப்பியது. 1976-இல் அமெரிக்க நாட்டிற்கு நன்கொடையாக அளிக்கப்பட்டு, வாஷிங்டன் நகரில் காக்கப்படுகிறது. வேரைப் புதுப்பித்து, மண்ணை மாற்றி, வேளை தவறாது நீர் வார்த்த கைகள் பலவற்றின் உழைப்பு அது.

இவ்வார இறுதியில் உங்கள் மாடிச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். இடுக்கில் ஓர் இச்சிக் கன்று நின்றால் பிடுங்கி எறியாமல், வேர் அறாதபடி எடுத்து, பெரிய தொட்டியில் நட்டு, வீட்டுச் சிறுவர் ஒருவரிடம் நீர் வார்க்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். நட்ட ஆண்டைத் தொட்டியின் அடியில் எழுதி வைக்க மறவாதீர். அதனைப் படித்து மகிழப்போகிறவர் அச்சிறுவரே.