பரிசோதனைத் திடல் பாதியில் நிற்கலாமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு என் வயலில் 10 சென்ட் இடத்தில் ஒரு நெல் பரிசோதனை தொடங்கியது. வெளியூர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு விஞ்ஞானியும், கூட இரண்டு பையன்களும் வந்தார்கள். வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். மூலைக்கு மூலை கொடி நட்டார்கள். "மூன்று பூவுக்கு இந்த இடத்தை விட்டுத் தாருங்கள், முடிவைச் சொல்கிறோம்" என்றார்கள். நல்ல காரியம்தானே என்று சம்மதித்தேன்.

முதல் பூவுக்கு வந்து அளந்தார்கள், நிறுத்தார்கள், எழுதினார்கள். இரண்டாவது பூவுக்கு விஞ்ஞானி ஒரே ஒரு தடவை வந்தார். மூன்றாவது பூவுக்கு ஒருவரும் வரவில்லை. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கேட்டார்: "அண்ணாச்சி, கொடி நட்டவங்க வரல்லியா? நாத்து நடணும்லா?" நான்தான் கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு நாற்று நட்டேன்.

பிறகு அந்த விஞ்ஞானியோடு தொலைபேசியில் பேசினேன். "ஐயா, என்னை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மானியம் என் பேரில் இல்லை, நிறுவனத்தின் பேரில் இருக்கிறது. நான் ஆசைப்பட்டாலும் வந்து செலவு செய்ய முடியாது" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. எந்த நிறுவனம், எந்த ஊர் என்பதும் இங்கே முக்கியமில்லை. ஆராய்ச்சி மானியத்துக்கு என்னென்ன விதிகள் இருக்கின்றன, அவை எந்த இடத்தில் நம் வயலோடு ஒட்டாமல் போகின்றன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நம் வயலுக்கு வரும் விஞ்ஞானி பெரும்பாலும் இரண்டு பொறுப்புகளைச் சுமக்கிறவர். சம்பளம் அரசாங்கப் பணத்திலிருந்து வருகிறது. பட்டமோ உதவிப் பேராசிரியர், பேராசிரியர் என்று பல்கலைக்கழகத்தின் பட்டம். ஆராய்ச்சியும் செய்ய வேண்டும், மாணவர்களுக்குப் பாடமும் சொல்ல வேண்டும். இது நேற்று வந்த ஏற்பாடு அல்ல. 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய்க் கல்லூரியானது. 1920-ல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அங்கே பாடம் சொன்னவர்கள் அரசாங்க விவசாய இலாகாவின் அதிகாரிகள்தான். 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உண்டான பிறகு, பாடம், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் ஒரே குடையின் கீழ் வந்தன. டெல்லி பூசா ஆராய்ச்சி நிலையமும் அப்படித்தான். 1958 முதல் அது பல்கலைக்கழகத்துக்குச் சமமான அந்தஸ்து பெற்றது. அங்குள்ள விஞ்ஞானிகளே ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள்.

இனி மானியத்துக்கு வருவோம். 1929-ல் தொடங்கிய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில், மாகாணங்களில் நடக்கும் ஆராய்ச்சிகளுக்கு மானியம் கொடுத்தது. 1940-ல் ஒரு சட்டம் போட்டு, வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் விளைபொருள்கள் மீது வரி விதித்து அந்தப் பணத்தைக் கவுன்சிலுக்குத் தந்தார்கள். அந்த வரி இன்று இல்லை. என்றாலும் ஒன்றை மறக்கக் கூடாது. ஆராய்ச்சி மானியம் ஆகாயத்திலிருந்து விழுந்தது அல்ல. அது விவசாயி விளைவித்த பொருளிலிருந்து எடுத்த பணத்தில் வளர்ந்தது. இன்றும் அது மக்களின் வரிப்பணம்தான்.

1965-ல் அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் அபிவிருத்தித் திட்டம் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. இதுபோன்ற ஒருங்கிணைந்த திட்டங்களில், வேளாண்மைப் பல்கலைக்கழகங்களுக்கு ஆகும் செலவில் 100-க்கு 75 பங்கு மத்தியக் கவுன்சிலும், 25 பங்கு மாநிலத் தரப்பும் ஏற்பது நெடுநாள் ஏற்பாடு. இது போக, புதிய ஆராய்ச்சி ஒன்று செய்ய நினைக்கும் விஞ்ஞானி தனியாக மனுப்போட்டு மானியம் கேட்கலாம். அப்படி மானியம் கொடுப்பதற்கென்றே 2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறியது.

மனுப்போட என்ன விதி? விண்ணப்பிப்பவர் ஒரு கல்வி நிறுவனத்திலோ ஆராய்ச்சி நிறுவனத்திலோ நிரந்தர வேலையில் இருக்க வேண்டும். நிறுவனத் தலைவர் சம்மதக் கடிதம் தர வேண்டும். அதே ஆராய்ச்சியைக் காட்டி வேறு இடத்தில் பணம் கேட்கவில்லை என்று எழுதித் தர வேண்டும். பணம் விஞ்ஞானியின் கைக்கு வராது, நிறுவனத்தின் கணக்குக்கு வரும். ஏற்கெனவே சம்பளம் வாங்குகிறவர் மானியத்திலிருந்து இன்னொரு சம்பளம் எடுக்க முடியாது. செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. மிஞ்சிய பணமும், அதற்குக் கிடைத்த வட்டியும்கூட அரசாங்கத்துக்கே திரும்ப வேண்டும்.

இந்த விதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஊர்ப் பணத்துக்குக் கணக்கு வேண்டாமா? அமெரிக்காவிலும் இப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. அங்குள்ள தேசிய விஞ்ஞான அறக்கட்டளை, மத்திய அரசின் இலாகா ஊழியர்களுக்குச் சாதாரணமாக மானியம் தருவதில்லை. இலாகாவிலும் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தாற்போல் பொறுப்பு வகிப்பவர் மட்டும், அந்தப் பல்கலைக்கழகத்தின் உண்மையான ஆசிரியராக இருந்தால், அதன் மூலமாக விண்ணப்பிக்கலாம். பேருக்கு ஒரு பட்டத்தை ஒட்டிக்கொண்டு வரக் கூடாது என்பதுதான் அதன் கருத்து. ஒரே வேலைக்கு அரசாங்கம் இரண்டு கையாலும் பணம் கொடுக்கக் கூடாது அல்லவா?

அப்படியானால் கோளாறு எங்கே? விதிகள் பணத்தைக் காவல் காக்கின்றன. பயிரைக் காவல் காக்க ஒரு விதியும் இல்லை.

முதலாவது, கோப்பின் வருஷம் வேறு, பயிரின் வருஷம் வேறு. நமக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ. கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டி அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியை ஒட்டி அறுப்பது கும்பப்பூ. அரசாங்கக் கணக்கோ மார்ச் 31-ல் முடிகிறது. கும்பப்பூ அறுத்து, திடல் திடலாக அடித்து நிறுக்க ஆள் கூலி கொடுக்க வேண்டிய நேரத்தில் பழைய கணக்கை மூடுகிறார்கள். கன்னிப்பூவுக்கு நாற்றங்கால் போட வேண்டிய சித்திரை, வைகாசியில் புதிய தவணைக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பணம் வரட்டும் என்று நாற்று காத்திருக்குமா? ஒரு பூ தவறினால் பரிசோதனையில் ஒரு வருஷம் தவறியது என்று பொருள்.

இரண்டாவது, மாற்றல். விஞ்ஞானி மாறிப் போனால், துணை ஆராய்ச்சியாளர் பொறுப்பேற்கவும், அனுமதி பெற்றுத் திட்டத்தைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகவும் வழி இருக்கிறது. ஆனால் வயலைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போக முடியுமா? துணை ஆராய்ச்சியாளர் 400 கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்தால், அவர் எத்தனை தடவை வந்து பூச்சி எண்ணுவார்?

மூன்றாவது, முடிவைத் தெரிவிப்பது. பணம் கொடுத்தவருக்கு அறிக்கை போகிறது, ஆங்கிலப் பத்திரிகைக்குக் கட்டுரை போகிறது. வயல் கொடுத்தவருக்கு ஒரு தாளாவது போக வேண்டும் என்று எந்த விதி கட்டாயப்படுத்துகிறது?

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதில் தனி அக்கறை உண்டு. தமிழ்நாட்டை 7 வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் அதிக மழை மண்டலம் என்பது நம் குமரி மாவட்டம் ஒன்றுதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்கு உண்டு. தஞ்சாவூரில் தேறிய ரகம் தோவாளையில் தேறும் என்று நம்பி இறங்க முடியாது. கோதையாற்றுப் பாசனத்தின் தலைமடைக்கு ஏற்றது கடைமடைக்கு ஏற்காது. நம் மண்ணில் செய்து பார்த்தால்தான் நமக்கு விடை கிடைக்கும்.

அப்படிச் செய்து பார்த்ததன் பலனையும் நாம் கண்டிருக்கிறோம். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.பி.எஸ். 1, ஐ.ஆர். 8 ரகத்தோடு நம் கட்டைச்சம்பாவைச் சேர்த்து உண்டாக்கியது. பிறகு வந்த டி.பி.எஸ். 3 ரகத்தை அறியாத நெல் விவசாயி இம்மாவட்டத்தில் உண்டா? ஒரு ரகத்தை உருவாக்கி வெளியிட 8, 10 வருஷம் ஆகிவிடும். அத்தனை வருஷமும் யாராவது ஒருவர் விடாமல் வயலில் இறங்க வேண்டும். வயல்கள் மனையாகவும் தென்னந்தோப்பாகவும் வாழைத் தோட்டமாகவும் மாறி வரும் இந்த மாவட்டத்தில், மிஞ்சிய நெல் வயலுக்கு நல்ல ரகமும் இல்லாமற் போனால், அதையும் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

"மானியம் முடியும் வரை மாற்றக் கூடாது என்றால், அவரவர் இடத்தில் பட்டா போட்டு உட்கார்ந்துவிடுவார்களே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆளை நிரந்தரமாகக் கட்டிப்போடச் சொல்லவில்லை. நிற்கும் பயிரை அறுத்து முடித்துவிட்டுப் போகட்டும் என்கிறோம். குத்தகைக்காரனைக்கூடப் பயிர் நிற்கும்போது வெளியேற்றினால் ஊர் ஒப்புக்கொள்ளாது. விஞ்ஞானிக்கும் அதே நியாயம் பொருந்தும்.

ஆகவே மானியம் கொடுப்பவர்களுக்கும், சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் நிறுவனத் தலைவர்களுக்கும் 4 யோசனைகள்.

1. விவசாயி வயலில் நடக்கும் பரிசோதனைக்கு, அந்த மாவட்டத்திலேயே வேலை பார்க்கும் ஒருவர் துணை ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனுவை ஏற்கக் கூடாது.

2. சம்மதக் கடிதத்தில், "நடப்புப் பயிர் அறுவடையாகும் வரை இவரை மாற்ற மாட்டோம்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

3. பயிர் ஆராய்ச்சிக்குத் தவணைப் பணம் விதைப்புக்கு முன்பே வர வேண்டும். சான்றிதழ் தாமதமானால், கூலிக்கும் விதைக்கும் மட்டுமாவது ஒரு சிறு தொகையை முன்பணமாக விட வேண்டும்.

4. முடிவு நல்லதோ கெட்டதோ, வயல் கொடுத்தவருக்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். அது தந்ததற்கு அவர் கையெழுத்து வாங்கினால்தான் கடைசித் தவணை என்று வைக்கலாம்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் வேண்டியதில்லை, கூடுதல் பணமும் வேண்டியதில்லை. நிபந்தனைத் தாளில் 4 வரி சேர்த்தால் போதும்.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. பரிசோதனைக்கு இடம் கேட்டு வந்தால் முகம் திருப்ப வேண்டாம். இடம் கொடுங்கள். ஆனால் கொடுக்கும்போதே கேளுங்கள்: எத்தனை பூவுக்கு? மகசூல் குறைந்தால் ஈடு உண்டா? நீங்கள் மாறிப் போனால் யார் வருவார்? பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியாக இருந்து, முடிவு வராமற் போனால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப்போட்டு அறிக்கையின் நகலைக் கேட்கலாம். சாதாரணமாக 30 நாளில் பதில் தர வேண்டும்.

என் வயலில் பிடுங்கிய கொடிக் கம்புகள் இன்னும் தொழுவத்தின் ஓரத்தில் கிடக்கின்றன. அந்தத் திடலில் எந்தப் பாத்தி அதிகம் விளைந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அரசாங்கத்தின் பணமும் விஞ்ஞானியின் உழைப்பும் என் இரண்டு பூவும் அதில் போயிருக்கின்றன. இன்னொரு விவசாயிக்கு இப்படி நேராமல் இருக்க, சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்வார்களா?