சட்டமே சாட்சி

மனிதனை மனிதன் விலைக்கு வாங்கலாமென்று சட்டம் செய்தோர், தாம் வாங்கியது வெறும் பொருளே என்று உலகை நம்பச் சொன்னார்கள். அவர்கள் செய்த சட்டங்களை ஊன்றிப் படிப்போர்க்கோ நேர்மாறான உண்மையே புலப்படும். ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாயிருந்த தென் கரோலைனாவின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

அந்நாட்டின் செல்வம் நெல். சதுப்பு நிலத்தைத் திருத்தி, வரம்பு கட்டி, நீர் பாய்ச்சி, விளைந்ததைச் சுளகிற் புடைத்தவர்கள் ஆபிரிக்கர். மேற்கு ஆபிரிக்காவில் நெல் விளைவித்த குலத்தினரும் கொங்கோ, அங்கோலா நாட்டினரும் அவருள் இருந்தனர். குடித்தொகையிற் பெரும்பான்மையினர் அவர்களே. ஆயினும் விளைச்சலும் அவர்களுடையதன்று, தம் உடலும் தம்முடையதன்று.

1739 செப்டெம்பர் 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரோனோ ஆற்றருகே ஏறத்தாழ 20 பேர் திரண்டெழுந்தனர். கடையொன்றை உடைத்துத் துப்பாக்கிகளைக் கைப்பற்றினர். முரசு முழக்கி, கொடி தாங்கி, விடுதலை என்று முழங்கித் தெற்கே நடந்தனர். அங்கே ஸ்பானியரின் புளோரிடாவில், தப்பி வருவோர்க்கு விடுதலை வாக்களிக்கப்பட்டிருந்தது. அத்தகையோர்க்கென மோசே என்னும் அரணூர் 1738இல் அமைந்திருந்தது. வழியில் மேலும் பலர் சேர்ந்தனர். வெள்ளையர் 20 பேருக்கு மேல் மாண்டனர். அன்றே குடிப்படை எதிர்ப்பட்டுக் கிளர்ச்சியை முறியடித்தது. இருபுறமும் சிந்திய குருதியை நாம் கொண்டாடவில்லை. அதன் காரணத்தையே நோக்குகிறோம்.

அடுத்த ஆண்டு, 1740இல், நீக்ரோச் சட்டம் பிறந்தது. அடிமைக்கு எழுதக் கற்பித்தால் 100 பவுண் தண்டம். முரசும் கொம்பும் ஒலித்தல் தடை. கூட்டங் கூடுதல் தடை. கறுப்பர் ஒவ்வொருவரும் அடிமையென்றே ஊகிக்கப்படுவர். அன்றென நிறுவும் பொறுப்பு அவர் தலைமீதே. வேண்டுமென்றே அடிமையைக் கொன்ற வெள்ளையனுக்கோ தூக்கில்லை. 700 பவுண் தண்டமே!

எருதுக்கு எழுத்தறிவிக்கலாகாதென்று எவரேனும் சட்டம் செய்வரோ? கலப்பைகள் ஒன்றுகூடுமென்று எவரேனும் அஞ்சுவரோ? பொருளென்று எழுதிய அதே கை, மொழியும் நினைவும் ஒற்றுமையுமுடைய மக்களென்று தன்னை அறியாமலே ஒப்புக்கொண்டது. நிரூபிக்கும் சுமையைப் பலவீனன்மீது ஏற்றியவன், தன் வழக்குக்கு ஆதாரமில்லை என்பதையும் அறிவித்துவிட்டான்.

ஸ்ரோனோவில் எழுந்தோர் எழுதிவைத்த வாக்குமூலம் ஏதும் எஞ்சவில்லை. 1865இல் அடிமை முறை ஒழியும்வரை தென் கரோலைனாவின் அடிமைச் சட்டத்துக்கு அடிப்படையாயிருந்த அந்த ஏடே அவர்களுக்கு இன்று சாட்சி. ஒரு சட்டம் எதைத் தடுக்கிறதென்று மட்டும் பார்ப்பது போதாது. எதற்கு அஞ்சித் தடுக்கிறதென்றும் கேட்டல் வேண்டும். அவ்வச்சத்திலேதான் ஒடுக்கப்பட்டோரின் வலிமை பதிவாகியிருக்கிறது.