வெள்ளுடை அணிய விழையும் மகள்



ஒரு தாயின் மடல் சில வாரங்களாக என் மேசைமீது கிடக்கிறது. அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறியிருக்கிறாள். செவிலியர் பயிற்சிக்குச் செல்ல வேண்டும் என்பதே அவள் ஆசை. ஆயின் பதினாறாம் வயதில் அவளுக்கு இருதுருவ மனநோய் கண்டது. சில வாரம் உறக்கமின்றிப் பேசிக்கொண்டே இருப்பாளாம். பின்னர் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாளாம். லித்தியம் மாத்திரையால் இரண்டு ஆண்டுகளாக நலமாயிருக்கிறாள். "தன் மனத்தையே காக்க இயலாதவள் பிறர் உயிரை எப்படிக் காப்பாள் என்று என் தமையனார் கேட்கிறார். கல்லூரியில் இதை மறைத்துவிடலாமா?" என்று எழுதுகிறார் தாய்.

முதலில் தமையனாருக்கு ஒரு சொல். செவிலியரின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் இறைவனின் புனித அருளப்பர், ஸ்பெயின் நாட்டுக் கிரானடா நகரில் பித்தர் எனப் பிடிக்கப்பட்டு, மருத்துவமனையில் கட்டுண்டு கசையடி பட்டவர். அங்கிருந்து வெளிவந்த பின்னரே நோயாளருக்கு இல்லம் அமைத்தார். 1550இல் இறக்கும்வரை அப்பணியில் நிலைத்தார். அவருக்கு நேர்ந்தது இன்ன நோய் என்று நாம் முடிவு கட்ட வேண்டாம். நோயாளியை எப்படி நடத்தலாகாது என்பதை அவர் பட்டறிந்திருந்தார்.

ஆயினும் அம்மா, ஆசை மட்டும் போதாது. உறக்கக்கேடு இந்நோய்க்குப் பெரும்பகை. பயிற்சி பட்டப்படிப்பாயின் 4 ஆண்டு, பட்டயப் படிப்பாயின் 3 ஆண்டு. இரண்டிலும் இரவுப்பணி உண்டு. ஓரிரு இரவு கண்விழித்தாலே சிலருக்கு மனம் பொங்கத் தொடங்கிவிடும். எனவே விண்ணப்பம் நிரப்புமுன் மனநல மருத்துவரிடம் மகளோடு சென்று, இரவுப்பணியை இவள் தாங்குவாளா, எந்த அறிகுறி கண்டதும் விடுப்பெடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

லித்தியம் உண்போர் இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கினாலோ மிகுந்த வியர்வையினாலோ உடலில் நீர் வற்றினால் அளவு ஏறி நஞ்சாகலாம். இபுபுரூபன் போன்ற வலிமாத்திரைகளாலும் அது ஏறும். நாள் முழுதும் நின்ற கால்வலிக்கு விடுதித் தோழி அன்போடு நீட்டும் மாத்திரையை அவள் விழுங்கலாகாது. நலமாகத்தானே இருக்கிறோம் என்று தானே மருந்தை நிறுத்துவது இன்னும் தீது. செபமாலை சொல்லுங்கள், மாத்திரையையும் மறவாமல் கொடுங்கள்.

மறைப்பதைப் பற்றி: உடல்தகுதிச் சான்றுக்காக மருத்துவர் கேட்கும் கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டாம். விடுதியில் நோய் திரும்பினால், அறிந்தவர் ஒருவரேனும் அருகில் வேண்டும். அதற்காக ஊரறியச் சொல்லவும் தேவையில்லை. மனநலச் சிகிச்சை பற்றிய செய்தி காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது. திருமணப் பேச்சுக்கு அஞ்சியே உறவினர் மறைக்கச் சொல்கின்றனர் என்று ஐயுறுகிறேன். அது வேறு வழக்கு. இதனோடு கலக்க வேண்டாம்.

பயிற்சி முடிந்தபின் வழி சற்று அகலும். புறநோயாளர் பிரிவு, பள்ளி, ஊர்ப்புறச் சுகாதாரப்பணி, செவிலியர் கல்லூரி ஆசிரியப்பணி ஆகியவை பெரும்பாலும் பகல்வேலைகளே.

இன்னொன்று, அம்மா. உங்கள் மூன்று பக்க மடலில் தமையனார் சொன்னது இருக்கிறது. அண்டை வீட்டார் சொன்னதும் இருக்கிறது. மகள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அடுத்த மடலை அவளே எழுதட்டும்.