நொடிக்கு என்ன விலை?

தேர்தல் வந்துவிட்டால் பலமனேரில் நம் வீட்டுப் பெட்டிகளுக்கு ஓய்வில்லை. சீரியலுக்கு நடுவே ஒரு கட்சி, செய்திக்கு நடுவே இன்னொரு கட்சி. அந்த நொடிகளுக்கு யார், எவ்வளவு கொடுத்தார்கள்? கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

1994-ஆம் ஆண்டுக் கேபிள் விதிகள் அரசியல் விளம்பரத்தை அடியோடு தடுத்திருந்தன. 2004 மார்ச்சில் ஆந்திர உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. மத்திய அரசு மேலே போயிற்று. ஜெமினி டி.வி. வழக்கு என்று பெயர். ஏப்ரல் 13 அன்று உச்சநீதிமன்றம் நடுவழி காட்டியது: விளம்பரம் போடலாம், ஆனால் தேர்தல் கமிஷனின் அதிகாரியிடம் முன்கூட்டியே காட்டிச் சான்று பெறவேண்டும். கட்சியும் வேட்பாளரும் 3 நாள் முன்பு, மற்றவர் 7 நாள் முன்பு மனுச் செய்யவேண்டும். நம் மாநிலத்து வழக்கு நாடு முழுவதற்கும் விதியாயிற்று.

தோழர்களே, அந்த மனுவில் என்ன எழுதவேண்டும் தெரியுமா? தயாரிப்புச் செலவு, ஒளிபரப்புச் செலவு, எத்தனை முறை, ஒரு முறைக்கு என்ன ரேட். பணமும் செக் அல்லது டிராஃப்டாகத்தான். ஆக விலை எழுத்தில் இருக்கிறது, கோப்புக்குள்ளே! அதை ஊரறிய ஒட்டவேண்டும் என்று உத்தரவு சொல்லவில்லை. ரேட்டுக்கு உச்சவரம்பும் கட்டவில்லை. ஐந்து ரூபாய் டிக்கெட்டானாலும் எங்கள் கவுண்டரில் கட்டணப் பட்டியல் சுவரில் தொங்கவேண்டும். ஆட்சியைப் பிடிக்கும் பேரத்துக்கு அது வேண்டாமா?

முதலாளித்துவ அமெரிக்காவிலேயே தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் வேட்பாளரிடம் நிலையம் தன் மிகக் குறைந்த ரேட்டைத்தான் வாங்கலாம். யார் எவ்வளவு கட்டினார் என்ற கோப்பை எவரும் பார்க்கலாம். பிரிட்டனில் டி.வி.யிலும் ரேடியோவிலும் இந்த வியாபாரமே கிடையாது.

இங்கே ஆகாசவாணியிலும் தூர்தர்ஷனிலும் 1977 முதல் இலவச நேரம் உண்டு. எல்லோருக்கும் சமமாக ஒரு பங்கு, மீதி முந்தைய தேர்தலில் வாங்கிய ஓட்டுக் கணக்கில். அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும்! கூலிக்காரன் சுயேச்சையாக நின்றால் ஒரு நிமிஷமும் இல்லை.

வேட்பாளர் செலவுக்கு வரம்பு உண்டு. 2022-இல் நிர்ணயித்தபடி சட்டசபைக்கு 40 லட்சம், லோக்சபைக்கு 95 லட்சம். கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை. வேட்பாளர் பெயரைச் சொல்லாமல் தலைவர் முகத்தை மட்டும் காட்டினால் செலவு கட்சிக் கணக்கில் போய்விடும். ஓட்டை இங்கேதான்.

சான்று கொடுத்த அன்றே விளம்பரதாரர் பெயர், சேனல், தொகை மூன்றையும் கலெக்டர் அலுவலகப் பலகையில் ஒட்டவேண்டும் என்று நம் சங்கம் கேட்கிறது. அதுவரை வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சேனல், தேதி, மணியை நோட்டில் குறித்துச் சங்கத்தில் கொடுங்கள். அதை வைத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி சித்தூர் மாவட்டத் தேர்தல் அதிகாரிக்கு மனு எழுதுவோம்.