பரிந்துரை எட்டாத பாடல்கள்

சுயாதீன இசையைத் தேடவே வேண்டாம், ஸ்பாட்டிஃபையின் பரிந்துரையே கொண்டுவந்து சேர்க்கும் என்ற வாதம் பாதி உண்மைகூட இல்லை. அந்தப் பரிந்துரை, ஒத்த ரசனையுள்ளவர்கள் ஏற்கெனவே கேட்டதைப் பெரிதும் நம்புகிறது. எவரும் கேட்காத புதுப் பாடலுக்கு முன் அது தடுமாறும். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்கு அந்நிறுவனம் உரிமத்தொகையும் தருவதில்லை.

2008இல் தொடங்கிய இசைத் தளமான பேண்ட்கேம்ப் வேறு வழியில் போகிறது. கலைஞர்களே பதிவேற்றுகிறார்கள்; வகை, ஊர்க் குறிச்சொற்களைப் பிடித்துப் புது வெளியீடுகளுக்குப் போகலாம். ஒருவர் வாங்கியவை அவர் பக்கத்தில் தெரிவதால், மெட்டல் ரசிகரின் சேகரிப்பிலிருந்து ஜாஸுக்கும் தாவலாம்.

பிபிசி ரேடியோ 1இல் 1967 முதல் 2004 வரை தொகுப்பாளர் ஜான் பீல் செய்ததும் இத்தகைய தாவலே: பங்க், ரெக்கே, மின்னிசை எல்லாம் ஒரே நிகழ்ச்சியில். அறிமுகமற்ற குழுக்கள் அனுப்பிய நாடாக்களையும் ஒலிபரப்பினார். (வானொலியில் தாண்டிச் செல்லும் பொத்தான் இல்லாதது நல்லதாயிற்று.)