"ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்னும் சாக்கு



காரியங்களைத் தள்ளிப்போடுகிறவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வது பிரசங்கிகளாகிய எங்களுக்கு எளிது. எறும்பைக் காட்டி அதட்டிவிட்டுப் பீடத்தைவிட்டு இறங்கிவிடலாம். நானும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே செய்துவந்தேன். நோயை மாற்றிக் கண்டு மருந்து கொடுத்தேன் என்று இப்போது எழுதுகிறேன்.

திருவள்ளுவர் எங்களைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார். மடியின்மை அதிகாரத்தில் கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் கலங்களாக நான்கைச் சொல்லுகையில், நெடுநீரை முதலில் வைத்து, மறவி, மடி, துயில் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுகிறார். நெடுநீர் என்பது காலம் நீட்டித்தல். அதுவும் சோம்பலும் ஒன்றேயானால் இரண்டாக எண்ணியிருக்கத் தேவையில்லை.

தள்ளிப்போடுகிறவனைக் கவனித்துப் பாருங்கள். அவன் சும்மா இருப்பதில்லை. தம்பியிடம் பாகப்பிரிவினை பேசவேண்டியவர் அன்றைக்கென்று பார்த்து வரப்பு வெட்டப் போகிறார். தேர்வுக்குப் படிக்கவேண்டிய பிள்ளை மேசையைத் துடைத்து அடுக்குகிறது. கை ஓயவில்லை, ஒரே ஒரு காரியத்தை மட்டும் விலகிச் சுற்றிப்போகிறது. ஏனெனில் அதை நினைத்த மாத்திரத்தில் அச்சமோ வெட்கமோ நெஞ்சைப் பிடிக்கிறது. "நாளைக்கு" என்று சொன்னவுடன் பிடி தளருகிறது. அந்தச் சிறு ஆறுதலே கூலி. கூலி கண்ட பழக்கம் மறுநாளும் வாசலில் வந்து நிற்கும். உளவியலாளர்களான ஃபூஷியா சிரோயும் திமோதி பிச்சிலும் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், தள்ளிப்போடுதலை நேரத்தைக் கையாளத் தெரியாத குறையாக அல்ல, அப்போதைய மனக்கலக்கத்தைத் தணித்துக்கொள்ளும் வழியாகவே விளக்கினார்கள்.

வேதத்தை வாசிக்கிற நமக்கு இது புதிதாயிருக்கக் கூடாது. தேசாதிபதி பேலிக்ஸ் பவுலின் பேச்சைக் கேட்டுச் சலிப்படையவில்லை, பயமடைந்தான். பயந்தபின்தான் சமயமானபோது அழைப்பதாகச் சொல்லி அவரை அனுப்பினான். பிறகும் பலமுறை அழைத்துப் பேசினான், பணமும் எதிர்பார்த்தான். இரண்டு ஆண்டுகள் கழிந்து பெஸ்து பதவிக்கு வந்தபோதும் பவுல் காவலிலேயே இருந்தார்.

நம்முடைய சமயமோ இன்னும் பக்தியான உடை உடுத்தியிருக்கிறது. "ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் ஐயா", "கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்கிறேன்". உண்மையான காத்திருப்பும் உண்டு. அதை நான் இகழவில்லை. ஆனால் செய்யவேண்டியது தெளிவாகத் தெரிந்தபின் சொல்லப்படும் அந்தச் சொல், பயத்துக்கு நாம் வைத்த ஞானஸ்நானப் பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து, மார்பில் கட்டி இருப்பதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். மருத்துவரிடம் காட்டினீர்களா என்றேன். ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். நல்லது அம்மா என்று கண்களை மூடி நானும் ஜெபித்தேன். அவர் பயத்தைத் தள்ளிப்போட்டார். நான், ஒரு பெண்ணிடம் அதைப்பற்றி மேலும் பேசும் கூச்சத்தைத் தள்ளிப்போட்டேன். எட்டு மாதங்கள் கழித்து அவரைத் திருச்சிக்குக் கொண்டுபோனபோது நோய் எலும்புவரை பரவியிருந்தது. அடக்க ஆராதனையை நடத்தியவனும் நானே.

கண்டிக்காவிட்டால் ஜனங்கள் இன்னும் தளர்ந்துபோவார்கள் என்று மூப்பர் சிலர் சொல்லக்கூடும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக முதலாமாண்டு மாணவரிடையே நடத்தி 2010-இல் வெளியான ஆய்வு வேறுவிதமாகக் காட்டியது: முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்களே அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். வெட்கத்துக்கு அஞ்சி ஓடுகிறவன்மேல் இன்னும் வெட்கத்தை ஏற்றினால் அவன் இன்னும் வேகமாகத்தான் ஓடுவான்.

நம் மாவட்டத்துப் பெண்களைக் கேளுங்கள். அறிவொளி இயக்க நாட்களில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராயிருந்தபோது, ஊர் சிரிக்குமே என்று ஒதுங்கியிருந்தவர்கள் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்டோர் புதுக்கோட்டை வீதிகளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அவர்களை யாரும் சோம்பேறிகள் என்று திட்டிச் சைக்கிளில் ஏற்றவில்லை. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்.

ஆகையால் வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் நானும் என் மனைவியும் ஆலயத்தின் பின்னறையில் இருப்போம். பார்க்காத கட்டியோ, எடுக்காத சர்க்கரைப் பரிசோதனையோ, பேசாத சகோதரனோ, எதுவாயிருந்தாலும் சொல்லுங்கள். ஏன் இத்தனை நாள் என்று கேட்கமாட்டோம். திங்கட்கிழமை காலை இலுப்பூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து முள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உங்களோடு புறப்படுகிறோம். ஜெபத்தைப் பேருந்தில் வைத்துக்கொள்ளலாம்.