ஈயம் பூசின கார்

இந்தத் தடவை கார் ரிப்பேரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டுக்காரர், “ஸ்டெப்னின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?” என்று சிரித்தார். சிரிக்கட்டும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் புருஷன் பொழுதுபோக்காகச் செய்கிற காரியம் எதுவானாலும் அது தொட்டில் வரைக்கும் வந்துவிடுகிறது. அதை நான் தெரிந்துகொண்டது அமெரிக்காவில், என் பெண்ணின் பக்கத்து வீட்டில்.

என் பெண் இருப்பது கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொஞ்சம் தெற்கே. பேத்திக்குப் பத்து மாசம் ஆகிறபோது, மறுபடி வேலைக்குப் போகவேண்டும், நீ வந்து ஆறு மாசம் இரு என்று கூப்பிட்டாள். போனேன். பக்கத்து வீட்டில் ஒரு இளம் தம்பதி. தாத்தா காலத்திலேயே மெக்ஸிகோவிலிருந்து வந்து குடியேறின குடும்பம். அவளுக்கு அப்போது ஐந்து மாசம். மூத்தவன் ஒன்றரை வயசுப் பொடியன். என் பெண் என்னை ‘அம்மா’ என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பேர் என்று நினைத்துக்கொண்டு அவளும் “அம்மா, அம்மா” என்றுதான் கூப்பிடுவாள். நானும் திருத்தவில்லை. நன்றாகத்தானே இருந்தது!

அவர்கள் வீட்டுக் கராஜில் ஒரு கார் நின்றது. 1950-ம் வருஷத்து மெர்குரி கூபே. கூபே என்றால் இரண்டே கதவு, பின்பக்கம் சரிந்து இறங்குகிற கூரை. ஃபோர்டு கம்பெனி செய்தது. மெர்குரி என்கிற பேரே 2011-ல் நின்றுபோய்விட்டது. தாத்தா ஓட்டின கார். அவர் போனபிறகு பல வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்து துருவேறிப்போனதைப் பேரன் எடுத்துப் புதுப்பிக்கிறான். சும்மா புதுப்பித்தால் போதாதாம். கூரைத் தூண்களைச் சில அங்குலம் அறுத்தெடுத்துவிட்டு, கூரையை இறக்கி ஒட்டவேண்டும். கதவுக் கைப்பிடிகளை எடுத்துவிட்டு வழவழவென்று மூடவேண்டும். முன் விளக்கை உள்ளே புதைக்கவேண்டும். “எதுக்கப்பா இவ்வளவு? கண்ணைச் சுருக்கிண்டு முறைக்கிற மாதிரின்னா இருக்கு?” என்றேன். என் பெண் அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். அவன் கோபித்துக்கொள்ளாமல், “அதேதான், அதுக்குத்தான்!” என்று குதித்தான்.

அந்தப் பக்கத்தில் இது ஒரு பெரிய கலையாம். 1949-லிருந்து 1951 வரை வந்த மெர்குரிகள்தான் இதற்கு ராஜா. 1955-ல் வந்த ‘ரெபல் விதவுட் எ காஸ்’ படத்தில் ஜேம்ஸ் டீன் ஓட்டுவது 1949 மாடல் மெர்குரி கூபேதான். லின்வுட் என்கிற ஊரில் ஸாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் என்று அண்ணனும் தம்பியும் பட்டறை வைத்திருந்தார்கள். பிற்பாடு 1966-ல் டி.வி.யில் பேட்மேன் ஓட்டின காரைச் செய்தவர் இந்த ஜார்ஜ்தான். பாப் ஹிரோஹாட்டா என்கிற ஜப்பானிய வம்சத்து வாலிபர் தன்னுடைய 1951 மெர்குரியை அவர்களிடம் கொடுக்க, 1952-ல் அதைக் கூரை இறக்கி, பச்சையில் இரண்டு சாயல் அடித்து, ஊரே பார்க்கிற மாதிரி பண்ணிவிட்டார்கள். அப்புறம் அது கை மாறி மாறி, 1959-ல் வெறும் 500 டாலருக்கு ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் போயிற்று. 2022-ல் ஏலம் போனது ஏறக்குறைய இருபது லட்சம் டாலருக்கு! இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அவன் மனைவி மட்டும், “நம்முடையது அவ்வளவெல்லாம் போகாது, நீ மூச்சு விடு” என்பாள்.

சரி, வெட்டி ஒட்டின இடமெல்லாம் மேடும் பள்ளமுமாய் இருக்குமே, அதை எதை வைத்து நிரவுவது? நம் ஊர் டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்க்கிறார்களே, அந்த மாதிரி பிளாஸ்டிக் பட்டியெல்லாம் 1950-களின் நடுவில்தான் வந்ததாம். அதற்கு முந்தி காரீயம்தான். அதனாலேயே இந்தக் கார்களுக்கு ‘லெட் ஸ்லெட்’ என்று பட்டப்பேர்; காரீயச் சறுக்குவண்டி. தாத்தா எப்படிச் செய்தாரோ அப்படியேதான் செய்வேன் என்று இவனுக்குப் பிடிவாதம்.

ஒரு சனிக்கிழமை அவன் அதைச் செய்வதைப் பார்த்தேன். எனக்கு எங்கள் தெருவில் துருத்தியும் கரியும் தூக்கிக்கொண்டு “ஈயம் பூசறது...” என்று கூவிக்கொண்டு வருவாரே, அவர் ஞாபகம்தான் வந்தது. நவச்சாரத்தைத் தூவி, பஞ்சை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் பித்தளை அண்டா உள்ளே நிலா மாதிரி ஆகிவிடும். இவனும் அப்படித்தான். தகட்டைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, மருந்து தடவி, மெல்லிசாக ஒரு பூச்சு. அமிலம் தங்கக்கூடாதென்று சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு கழுவல். பிறகு காரீயமும் வெள்ளீயமும் எழுபதுக்கு முப்பது கலந்த கட்டியை நெருப்பில் காட்டினால், ஏறக்குறைய 185 டிகிரியில் இளக ஆரம்பித்து 250 வரைக்கும் கெட்டியாகவும் நிற்காமல் ஓடியும் விடாமல் குழைந்த வெண்ணெய் மாதிரி இருக்கிறது. மெழுகு தடவின மரப்பலகையால் அதை அப்படியே தள்ளித் தள்ளித் தடவுகிறான். ஆறினதும் அரத்தால் ராவுகிறான். அடுப்படியில் ஐம்பது வருஷம் நின்றவள் நான், பதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவன் கை பதம் தெரிந்த கை.

எல்லாம் சரி. எங்கள் ஈயக்காரர் பூசினது வெள்ளீயம். இது காரீயம். நாம் இரண்டையும் ஈயம் ஈயம் என்று ஒரே பேரால் சொல்லிவிடுகிறோம், ஆனால் காரீயம் விஷம். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. உறைக்காததற்கு நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை, கேளுங்கள்.

ராவின தூள் தரையில் சாம்பல் மாதிரி கிடந்தது. பழைய பெயிண்டையும் அவன் மின்சார மெஷினால் உலர்வாகத்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காலத்துக் கார் பெயிண்டிலும் காரீயம் உண்டு. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டுவான். அதே சட்டையோடு உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவான். அவள் அந்த ஓவராலைப் பொடியனின் துணிகளோடு சேர்த்து மெஷினில் போடுவாள். பொடியன் கராஜில் தவழ்ந்துவிட்டு வேலிப் பக்கம் வந்து என்னிடம் கையை நீட்டுவான். நான் அந்தக் கையைக் கழுவாமலே பிஸ்கட் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் படம் எடுப்பதற்காகப் பேத்தியையும் அவனையும் மெர்குரியின் முன் ஸீட்டில் உட்கார்த்தி வைத்தோம். இரண்டு பேரும் ஸ்டியரிங்கைப் பல் முளைக்கிற ஈறால் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்குச் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, பொடியனுக்குக் குழந்தை டாக்டரிடம் வழக்கமான பரிசோதனை. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் காரீயம் அதிகம் என்றார்கள். விரலில் தூசி ஒட்டியிருந்தால் தப்பாகக் காட்டும் என்று கை நரம்பிலும் எடுத்துப் பார்த்தார்கள். 8 மைக்ரோகிராம், ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு. அங்கே 2021-லிருந்து 3.5-ஐத் தாண்டினாலே கவனிக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் பரவாயில்லை என்றும் அர்த்தமில்லை. குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்தில் கிடையாது. காய்ச்சல் வராது, வாந்தி வராது, குழந்தை ஓடியாடிக்கொண்டேதான் இருக்கும். அடி விழுவது மூளை வளர்ச்சியில். வாய் வழியாகப் போனதில் பெரியவர்கள் உடம்பு ஏற்பதைப்போல நாலைந்து மடங்கு குழந்தை உடம்பு ஏற்றுக்கொள்ளும். வயிற்றில் இருக்கிற சிசுவுக்கும் தாயின் ரத்தம் வழியாகப் போய்ச் சேரும்.

சுகாதார இலாகாவிலிருந்து ஒரு நர்ஸம்மா வந்தார். வீடு எந்த வருஷம் கட்டினது (அங்கே வீட்டுப் பெயிண்டில் காரீயத்தைத் தடை செய்தது 1978-ல்), மண்பாண்டம் உண்டா, மெக்ஸிகோவிலிருந்து வருகிற புளி மிட்டாய் தருவீர்களா, வீட்டில் யாருக்காவது என்ன தொழில், என்ன பொழுதுபோக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பொழுதுபோக்கு என்றதும் இவள் கராஜ் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தரையை ஈரத்துணியால் துடைத்துப் பரிசோதனைக்கு எடுத்துப்போனார்கள். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகிற கதவோரமும், துணி துவைக்கிற இடமும்தான் எல்லாவற்றிலும் மோசம்.

எங்கள் வீட்டுக்கும் வந்து மஞ்சள்தூள், கண்மை, குங்குமம் எல்லாம் விசாரித்தார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் நிறத்துக்காக மஞ்சளில் காரீயக் குரோமேட் கலக்கிற அநியாயம் நடந்திருப்பது வாஸ்தவம்தானே? அந்த அம்மாள் கேட்டதில் தப்பில்லை. பேத்திக்கு 2-க்கும் கீழே. ரிசல்ட் வருகிறவரை அந்த நாலு நாள் நான் சாப்பிட்ட சாப்பாடு எனக்குத்தான் தெரியும்.

அவன் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. “எங்க தாத்தா வாழ்நாள் பூரா ஈயம் வெச்சார், அவருக்கு ஒண்ணும் ஆகலை” என்றான். அவள் வேலியோரம் வந்து அழுதாள். “நான் காரை வித்துடச் சொல்றேன்னு நினைக்கிறான், அம்மா. தாத்தாவையே வித்துடச் சொல்ற மாதிரி பார்க்கிறான்.” நான் என்ன சொல்வது? நர்ஸம்மாதான் சாமர்த்தியசாலி. வாதாடவே இல்லை. “உங்க ரத்தத்தையும் ஒருதரம் பார்த்துடலாமே” என்றார். 19 வந்தது. வீட்டிலேயே அதிகம் அவனுக்குத்தான். அதற்கப்புறம் தாத்தா பேச்சு வரவில்லை.

காரை விற்கவில்லை. வேலை செய்கிற விதத்தை மாற்றினான். மிச்சமிருந்த பெயிண்டை எடுக்க வெளியே பட்டறைக்கு அனுப்பினான். இனி நிரவவேண்டிய இடத்துக்குக் காரீயம் கலக்காத, வெள்ளீயம் மிகுந்த கட்டி. அதுவும் கடைகளில் கிடைக்கிறதாம், விலைதான் கூட. ஏற்கெனவே பூசின இடத்தை மெஷினால் தேய்ப்பதில்லை. தண்ணீர் விட்டுக் கையால்தான், முகமூடியோடு. துடைப்பத்தால் கூட்டுவது அடியோடு நின்றது, அது தூசியைக் கிளப்பிவிடுகிற வேலை. ஈரத்துணி, இல்லையென்றால் நுண்தூசி வடிகட்டி வைத்த வாக்குவம். ஓவராலும் பூட்ஸும் கராஜை விட்டு வரக்கூடாது. அதைத் தனியாகத் துவைப்பது, அதுவும் அவனே. குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்கலாம். பிரேக்கைப் பிரிக்கும்போது ஊதக்கூடாது, அந்தக் காலத்து பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. இவ்வளவும் நர்ஸம்மா சொன்னது.

செருப்பை வாசலில் விடுகிற வழக்கத்தை மட்டும் அவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்லிக்கொள்ளலாமா?

சாப்பாட்டைப் பற்றியும் சொன்னார். வெறும் வயிற்றில் காரீயம் அதிகமாக ஏறும், அதனால் பிள்ளையைப் பசியோடு விடாதீர்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் சரியாக இருந்தால் உடம்பு காரீயத்தைக் குறைவாக வாங்கிக்கொள்ளும். அவர்கள் வீட்டுச் சோள ரொட்டியே சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த சோளத்தில் செய்வதுதான்; கறுப்புக் காராமணி தினம் உண்டு. நம் வீட்டில் என்றால் கேழ்வரகுக் கஞ்சி, பால், முருங்கைக்கீரை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. ஆனால் சாப்பாடு துணைதான். தூசி வருகிற வழியை அடைக்காமல் கீரையைக் கொட்டிப் பிரயோஜனமில்லை.

நம் ஊரில் யார் வீட்டில் மெர்குரி கூபே இருக்கிறது என்று கேட்பீர்கள். பேட்டரி பிரிக்கிறவர், டிங்கரிங் செய்கிறவர், பழைய கதவு ஜன்னலைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிறவர், ரேடியோ, டி.வி.க்குப் பற்றவைக்கிறவர் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்ததே 2017-ல்தான். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அந்தச் சட்டையைக் குழந்தைத் துணியோடு ஊறவைக்காதீர்கள். சந்தேகமிருந்தால் டாக்டரிடம் ‘ரத்தத்தில் காரீய அளவு பார்க்கவேண்டும்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் அவருக்கும் தோன்றாது. ரசம் வைக்கிற ஈயச்சொம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சுத்த வெள்ளீயமாக இருந்தால் அதில் பயமில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று தெருவில் வாங்கினதில்தான் காரீயக் கலப்பு இருக்கலாம்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் பொடியனுக்கு 5-க்கு இறங்கியிருந்தது. எலும்பில் போய் உட்கார்ந்தது லேசில் வராதாம், அதனால் மெதுவாகத்தான் குறையும். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, அதன் ரத்தத்தையும் பார்த்து, நல்லபடியாக இருக்கிறது என்று என் பெண் ஃபோனில் சொன்னாள். போன மாசம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மெர்குரிக்கு இன்னும் கலர் அடிக்கவில்லை, சாம்பல் பூச்சோடு நிற்கிறது. கராஜ் வாசலில் குறுக்கே மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறது. பொடியன் அதை மிதிக்காமல், கால் விரலை நாடாவுக்குச் சரியாக வைத்துக்கொண்டு, இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, உள்ளே வேலை செய்கிற அப்பாவை மேஸ்திரி மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறான்.